மெல்லச் சூடேறும் வெடிமருந்து

கையேடுகளில் ஒவ்வொரு வெடிமருந்துக்கும் எதிரே ஒரு ‘பற்றும் வெப்பநிலை’ அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ‘நம் கிடங்கு அதற்கு நூறு டிகிரி கீழேதானே இருக்கிறது’ என்று நிம்மதியாகிவிடுபவர்கள் ஏராளம். உருகுநிலை ஒரு பொருளின் சொந்தக் குணம். டிஎன்டி ஒரு கிராம் இருந்தாலும் ஒரு டன் இருந்தாலும் 80 டிகிரியை ஒட்டித்தான் உருகும். பற்றும் வெப்பநிலை அந்த வகையில் சேராது. பொருள் எது, எவ்வளவு பருமன், எந்த உறைக்குள் இருக்கிறது, எத்தனை நேரமாகச் சூட்டில் கிடக்கிறது என்ற நான்கும் தெரியாமல் சொல்லப்படும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. (இங்கே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் அளவில்.)

அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்திலிருந்து 1975இல் வெளிவந்த அளவீடுகள் இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. அவற்றின்படி பிஇடிஎன் 200 முதல் 203 டிகிரிக்குள், ஆர்டிஎக்ஸ் 215 முதல் 217க்குள், எச்எம்எக்ஸ் 253 முதல் 255க்குள், டிஎன்டி 287 முதல் 289க்குள், டிஏடிபி 331 முதல் 332க்குள் கட்டுமீறிப் பற்றின. இந்த எண்களை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சோதித்த வில்லைகளில் மையத்திலிருந்து மேற்பரப்புக்கு இருந்த தொலைவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியதுதான். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத வில்லையில் கிடைத்த எண்ணை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வரவும் செலவும்

எந்த வெடிமருந்தும் எல்லா நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது. அறை வெப்பநிலையில் அந்தச் சிதைவு அளக்கவே கடினமான அளவுக்குச் சிறியது, அவ்வளவுதான். சிதைவு வெப்பத்தைத் தருகிறது. அந்த வெப்பம் பொருளின் ஊடாக நகர்ந்து மேற்பரப்பு வழியே வெளியேறுகிறது. வெளியேறும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டின் விகிதத்தில் நேர்கோடாக ஏறும். உண்டாகும் வெப்பமோ வெப்பநிலையோடு மடங்கு மடங்காக ஏறும். ஆர்டிஎக்ஸின் கிளர்வு ஆற்றலை (சிதைவதற்கு மூலக்கூறு தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை) ஒரு மோலுக்கு 197 கிலோஜூல் என்று எடுத்துக்கொண்டால், 150 டிகிரியை ஒட்டிப் பத்து டிகிரி கூடும்போது சிதைவு வேகம் மூன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது. வெப்பம் வெளியேறும் வேகத்தால் இதற்கு ஓரளவுக்கு மேல் ஈடுகொடுக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு அடுப்பை அணைத்தாலும் பொருள் தன் சூட்டிலேயே ஏறிக்கொண்டு போகும்.

இந்த எல்லையை 1928இல் கணக்காக எழுதிக்காட்டியவர் நிகோலாய் செமியோனோவ். 1956இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவருடைய கணக்கிலிருந்து கிடைக்கும் ஒரு எளிய விதியை இந்த வேலையில் இருப்பவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. கட்டுமீறுவதற்கு முன் பொருள் தன் சுற்றுப்புறத்தைவிட அதிகபட்சம் எத்தனை டிகிரி கூடுதலாக இருக்க முடியும்? கெல்வினில் வெப்பநிலையின் இருமடியை வாயு மாறிலியால் பெருக்கிக் கிளர்வு ஆற்றலால் வகுத்தால் விடை. மேலே சொன்ன ஆர்டிஎக்ஸுக்கு 150 டிகிரியில் இது சுமார் 7.5 டிகிரி. அதாவது உள்ளே நட்ட வெப்பமானி, சுற்றுப்புறத்தைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் காட்டத் தொடங்கிவிட்டால், எல்லை வந்துவிட்டது என்று பொருள். ‘ஐம்பது டிகிரி ஏறட்டும், அப்போது பார்க்கலாம்’ என்று காத்திருக்க இங்கே இடமில்லை.

செமியோனோவ் பொருள் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கொண்டார். நன்றாகக் கலக்கப்படும் திரவத்துக்கு அது சரி. திடப்பொருளில் நடு சூடாகவும் ஓரம் குளிர்ந்தும் இருக்கும். இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் டேவிட் ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி, 1939இல். அவருடைய வாய்பாட்டில் உண்டாகும் வெப்பத்தையும் கடத்தப்படும் வெப்பத்தையும் ஒப்பிடும் ஒற்றை எண் ஒன்று வரும். தட்டை வடிவத்துக்கு அது 0.88ஐயும், நீண்ட உருளைக்கு 2.00ஐயும், கோளத்துக்கு 3.32ஐயும் தாண்டினால் நிலையான வெப்பநிலை என்பதே சாத்தியமில்லை. அந்த எண்ணில் ஆரம் இருமடியாக வருகிறது. பருமன் இரட்டித்தால் ஆபத்து நான்கு மடங்கு.

இப்போது அந்த உருளையைப் பார்ப்போம். 0.35 மில்லிமீட்டர் அரைத்தடிமனுள்ள ஆர்டிஎக்ஸ் வில்லை 216 டிகிரியில் எல்லையில் இருக்கிறது. ஆரம் 10 சென்டிமீட்டராகும்போது ஆரத்தின் இருமடி எண்பதாயிரம் மடங்குக்கு மேல் பெருகுகிறது. வடிவ மாற்றத்துக்குச் சற்றுக் கழித்துக்கொண்டு கணக்கைத் திருப்பினால், எல்லை வெப்பநிலை சுமார் 125 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தொண்ணூறு டிகிரி வித்தியாசம்! ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: இந்தக் கணக்கில் நுழைத்த எண்கள் உருகிய ஆர்டிஎக்ஸுக்கானவை. 204 டிகிரிக்குக் கீழே அது திடமாக இருக்கும். திடநிலையில் சிதைவு மெதுவாக நடக்கும். ஆகவே தூய ஆர்டிஎக்ஸ் உருளைக்கு உண்மையான எல்லை இதற்கு மேலேதான் இருக்கும். ஆனால் அந்தச் சலுகையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆர்டிஎக்ஸும் டிஎன்டியும் சேர்ந்த காம்போசிஷன் பி போன்ற கலவையில் 80 டிகிரியிலேயே டிஎன்டி உருகிவிடும். சூடு ஏற ஏற ஆர்டிஎக்ஸ் அந்த உருகலில் கரையத் தொடங்கும். கரைந்த பகுதி திடப்படிகத்தைப் போல நடந்துகொள்வதில்லை, திரவத்தைப் போலவே வேகமாகச் சிதைகிறது.

மெதுவான சூடு ஏன் மோசமானது

தீயில் விழுந்த குண்டு ஆபத்தானது என்பது எல்லோருக்கும் தெரியும். 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் எரிபொருள் தீ பரவியபோது, பழைய காம்போசிஷன் பி நிரப்பிய குண்டுகள் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் வெடிக்கத் தொடங்கின. 134 பேர் இறந்தார்கள். 1969 ஜனவரி 14 அன்று என்டர்பிரைஸ் கப்பலில் நடந்தது இன்னும் அற்பமான காரணத்தால்: விமான எஞ்சினைக் கிளப்பும் வண்டியின் புகைக்குழாய்க் காற்று ஒரு ராக்கெட்டின் வெடிமுனையைச் சூடாக்கியது, அது வெடித்தது. இரண்டுமே வேகமாகச் சூடேறியவை. இந்த வகையில் உறைச்சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்குதான் முதலில் பற்றுகிறது. உள்ளே இருக்கும் பெரும்பகுதி இன்னும் குளிர்ந்து, விரிசலில்லாமல், முன்போலவே இருக்கும். உறையோ தீயில் வெந்து பலமிழந்திருக்கும். சரியாக வடிவமைத்த குண்டாக இருந்தால் உறை பிளந்து, உள்ளிருப்பது வெறுமனே எரிந்து தீர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு.

மெதுவான சூட்டில் இது அப்படியே தலைகீழாகிறது. வெப்பம் உள்ளே போய்ச்சேர நேரம் கிடைப்பதால் மொத்தப் பருமனும் சேர்ந்து சூடாகிறது. மேற்பரப்பு தன் வெப்பத்தை வெளியே விட முடிகிறது, மையத்தால் முடிவதில்லை. எனவே பற்றுவது மையத்தில். அந்த நேரத்தில் சுற்றியுள்ள மருந்து முழுவதும் பற்றுவதற்குச் சில டிகிரிகள் மட்டுமே கீழே காத்திருக்கும். 150 முதல் 200 டிகிரியில் எஃகு உறைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. முழுப் பலத்தோடு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். நடுவில் தீ, சுற்றிலும் சேதமடைந்த சூடான மருந்து, அதற்கு வெளியே வலுவான சுவர் என்று வன்மையான வெடிப்புக்குத் தேவையான மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

எது மெதுவான சூடு என்பதையும் அளவோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெடிமருந்துகளில் வெப்பம் பரவும் திறன் ஒரு நொடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையை மணிக்கு 3.3 டிகிரி வீதம் சூடாக்கினால், மையம் மேற்பரப்பைவிட நாலரை டிகிரிதான் பின்தங்கும். அதே வேகத்தில் 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையைச் சூடாக்கினால் பின்தங்கல் 40 டிகிரியை எட்டுகிறது. ஒரே அடுப்பு, ஒரே வேகம். சின்ன உருளைக்கு அது மெதுவான சூடு. பெரிய உருளைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பற்றும் புள்ளி மையத்தை விட்டு ஓரத்தை நோக்கி நகர்ந்துவிடும். சிறிய மாதிரியில் கிடைத்த முடிவைப் பெரிய ராக்கெட் மோட்டாருக்கு நீட்டிப் பேசும் அறிக்கைகளைப் படிக்கும்போது இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

பற்றுவதற்கு முன் உள்ளே நடப்பவை

என் கணிப்பில் இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். எப்போது பற்றும் என்பதை இன்று கணினி ஓரளவு நன்றாகவே சொல்லிவிடுகிறது. பற்றிய பின் எவ்வளவு வன்மையாக வெடிக்கும் என்பதில்தான் தடுமாறுகிறது. காரணம், வன்மையை முடிவு செய்வது பற்றும் கணம் அல்ல. அதற்கு முந்தைய பல மணி நேரத்தில் பொருளுக்கு நேர்ந்த சேதம்.

எச்எம்எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் அது பீட்டா படிக வடிவில் இருக்கும். 165 முதல் 170 டிகிரி வாக்கில் டெல்டா வடிவத்துக்கு மாறும்போது பருமன் ஏறக்குறைய 7 சதவீதம் பெருக்கிறது. படிகம் விண்டு நுண்விரிசல்கள் விழுகின்றன. டெல்டா வடிவம் மோதலுக்கும் உராய்வுக்கும் பீட்டாவை விட எளிதில் எதிர்வினை காட்டும். இந்த மாற்றத்தைத் தாண்டிய எச்எம்எக்ஸ், பெயரளவில்தான் பழைய பொருள்.

திட ராக்கெட் உந்துபொருள்களில் பெரும்பாலும் இருக்கும் அம்மோனியம் பெர்குளோரேட்டின் கதை வேறு. 240 டிகிரியில் அதன் படிக வடிவம் மாறும். ஆனால் அதற்கு முன்பிருந்தே குறைந்த வெப்பநிலைச் சிதைவு என்ற ஒரு கட்டம் நடக்கிறது. அதில் படிகத்தின் ஏறக்குறைய முப்பது சதவீதம் வாயுவாகிப் போய், எஞ்சியது உள்ளெங்கும் துளைகளோடு நிற்கும். உறுதியான ரப்பர்க் கட்டி போல இருந்த உந்துபொருள், பற்றும் நேரத்தில் எரிபரப்பு பல மடங்கு பெருகிய நுண்துளைப் பொருளாகிவிடுகிறது. எச்டிபிபி ரப்பரும் அம்மோனியம் பெர்குளோரேட்டும் கொண்ட மோட்டார்கள் மெதுவான சூட்டில் மூர்க்கமாக வெடிப்பதற்கு இதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். எச்டிபிஇ என்ற வேறு பைண்டரை (துகள்களை ஒட்டிப்பிடிக்கும் பொருளை) பயன்படுத்திய கலவைகள் இந்தச் சோதனையில் சாதுவாக நடந்துகொண்டது அந்த வகை உந்துபொருள்கள் மீது கவனத்தைத் திருப்பியது.

பைண்டரின் பங்கு இங்கே குறைத்து மதிப்பிடப்படுகிறது. சூட்டில் இளகி ஓடும் பைண்டர் சில சமயம் விரிசல்களை அடைத்து நன்மை செய்யும். சில சமயம் தானே சிதைந்து வாயுவாகிக் குமிழ்களை உண்டாக்கும். டிஎன்டி கலந்தவற்றில் உருகும்போது பருமன் பெருகி, திருகுமரைகள் வழியாகவும் ஃபியூஸ் பொருத்தும் இடத்தின் வழியாகவும் வெளியே கசியும். கசிந்தது மரை இடுக்கில் உறைந்து கிடந்தால், பின்னாளில் அந்த மூடியைத் திருகுபவருக்கு அது தனி ஆபத்து.

விரிசலும் துளையும் ஏன் இவ்வளவு முக்கியம்? விரிசலில்லாத கட்டியில் தீ மேற்பரப்பில் அடுக்கடுக்காக, நொடிக்கு மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே நகரும். துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தால், சூடான வாயு அழுத்தத்தால் அவற்றுக்குள் புகுந்து முன்னே பாய்ந்து பற்றவைக்கும். எரிபரப்பு கூட, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூட, எரியும் வேகம் கூடுகிறது. உறை உடைந்து அழுத்தத்தை வெளியேற்றுவது முதலில் நடந்தால் தப்பினோம். எரிதல் முந்திவிட்டால் வெடிப்பு. மிக மோசமான நிலையில் டெட்டனேஷன், அதாவது ஒலியை விஞ்சும் அதிர்வலையாகப் பாயும் வெடிப்பு.

சோதனை அடுப்பில்

மெதுவான சூட்டுச் சோதனையில் முழு வெடிபொருளையும், அதன் உறையும் பொட்டலமும் சேர்த்து, தூக்கி எறியத்தக்க ஒரு அடுப்புக்குள் வைப்பார்கள். வெடித்தால் அடுப்பும் போய்விடும் என்பதால் அது மலிவான தகடும் வெப்பக்காப்பும் கொண்டதாகத்தான் இருக்கும். காற்றைச் சூடாக்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுற்றவிட வேண்டும். வழக்கமாக 50 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்துப் பொருளைச் சமன்படுத்திவிட்டு, அதன்பின் மணிக்கு 3.3 டிகிரி வீதம் ஏற்றுவார்கள். ஃபாரன்ஹீட்டில் இது மணிக்கு 6 டிகிரி. அந்த விசித்திரமான எண் வந்த வழி அதுதான். பல பத்தாண்டுகள் நிலைத்த இந்த வேகத்தை, உண்மையான தீவிபத்துகளில் இவ்வளவு மெதுவான சூடு அரிது என்ற காரணத்தால் நேட்டோ பின்னர் மணிக்கு 15 டிகிரியாக மாற்றியது. பழைய வேகத்தில் பெற்ற முடிவையும் புதிய வேகத்தில் பெற்றதையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஒப்பிடுவது சரியாகாது. 5 சென்டிமீட்டர் ஆரத்துக்கு 15 டிகிரி வேகத்தில் பின்தங்கல் 20 டிகிரி ஆகிவிடும். பற்றும் இடமே மாறியிருக்கலாம்.

முடிவை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை முழு டெட்டனேஷன், இரண்டாவது பகுதி டெட்டனேஷன், மூன்றாவது வெடிப்பு, நான்காவது டிஃப்ளகிரேஷன் (அழுத்தத்தோடு கூடிய வேகமான எரிதல்), ஐந்தாவது எரிதல், ஆறாவது எதிர்வினையின்மை. மெதுவான சூட்டில் ஐந்தாம் வகையைவிட வன்மையாகாமல் இருப்பதுதான் இலக்கு. வகைப்படுத்துவது துண்டுகள் எவ்வளவு தூரம் எறியப்பட்டன, பக்கத்தில் வைத்த சாட்சித் தகட்டில் என்ன அடையாளம், காற்றழுத்தமானிகள் என்ன காட்டின என்பதை வைத்து.

சோதனை கெடுவதற்கு வழிகள் பல. வெப்பமானிக் கம்பியை உள்ளே செலுத்த உறையில் துளையிட்டால், அதுவே அழுத்தம் வெளியேறும் வழியாகி, பொருள் உண்மையில் இருப்பதைவிடச் சாதுவாகத் தெரியும். உருகி வழிந்த மருந்து சூடேற்றியின் மேல் சொட்டிப் பற்றினால், கிடைக்கும் வெப்பநிலை அந்தப் பொருளுடையது அல்ல, சூடேற்றியுடையது. அடுப்பின் ஒரு மூலை பத்து டிகிரி கூடுதலாக இருந்தால் பற்றும் புள்ளி அந்தப் பக்கம் இழுக்கப்படும். அடுப்பின் காற்று வெப்பநிலையை மட்டும் பதிவு செய்துவிட்டுப் பொருளின் மேற்பரப்பை அளக்காமல் விட்டால், தன்சூடு எப்போது தொடங்கியது என்ற மதிப்புமிக்க தகவலே கைநழுவிவிடும்.

கிடங்கில் உறங்கும் உந்துபொருள்

இதுவரை சொன்னவற்றில் வெளியிலிருந்து யாரோ சூடாக்கினார்கள். நைட்ரோசெல்லுலோஸ் உந்துபொருளுக்கு அதுகூடத் தேவையில்லை. அதன் மூலக்கூறில் நைட்ரேட் பிணைப்பு பலவீனமானது. சாதாரண வெப்பநிலையிலும் அது உடைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும். அந்த வாயுக்கள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மேலும் பிணைப்புகளை உடைக்கும். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் டைஃபீனைலமீன், எத்தில் சென்ட்ராலைட் போன்ற ஸ்டெபிலைசர்களைக் கலக்கிறார்கள். அவை சிதைவை நிறுத்துவதில்லை, வெளிவரும் வாயுவைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிக்கப் பிடிக்கத் தாங்களும் தீர்ந்துபோகின்றன. ஸ்டெபிலைசர் தீர்ந்த உந்துபொருள் குவியல், கடிகாரம் ஓடத் தொடங்கிய நிலையில் இருப்பது.

பிரெஞ்சுக் கடற்படை இதற்குப் பெரிய விலை கொடுத்தது. தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச் 12 அன்று ஈயேனா போர்க்கப்பலும், 1911 செப்டம்பர் 25 அன்று லிபெர்தே போர்க்கப்பலும் வெடித்தன. இரண்டிலும் பழுதடைந்த ‘பூத்ர் பி’ உந்துபொருள்தான் காரணமாகக் கருதப்பட்டது.

நூறாண்டுக்குப் பிறகும் பாடம் அதேதான். சைப்ரஸில், கைப்பற்றிய வெடிபொருள்கள் அடங்கிய 98 கன்டெய்னர்களை 2009இலிருந்து ஒரு கடற்படைத் தளத்தில் திறந்த வெளியில், வெயிலில் அடுக்கிவைத்திருந்தார்கள். 2011 ஜூலை தொடக்கத்தில் ஒரு கன்டெய்னர் உப்பியது. ஜூலை 11 அதிகாலையில் தீப்பற்றி, பின் மொத்தமும் வெடித்தது. 13 பேர் இறந்தார்கள், பக்கத்து மின்நிலையம் நொறுங்கியது. உப்பிய பெட்டி தெளிவான எச்சரிக்கை. 2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜினில் தொடக்கம் நைட்ரோசெல்லுலோஸ்தான். அதை நனைத்து வைத்திருந்த திரவம் வெக்கையில் ஆவியாகிப் போக, உலர்ந்த பகுதி தானாகச் சூடேறிப் பற்றியது. தீ அருகிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டை எட்டியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 173 பேர்.

தன்சூடு எவ்வளவு சிறியதாகத் தொடங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கிராம் உந்துபொருள் 10 மைக்ரோவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது என்று கொள்வோம். கையில் வைத்தால் உணரவே முடியாத அளவு. பெருங்குவியலின் நடுவில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை என்றால், நாளொன்றுக்குச் சுமார் 0.6 டிகிரி ஏறும். ஒரு மாதத்தில் பதினெட்டு டிகிரி. அதற்குள் சிதைவு வேகமே பல மடங்காகியிருக்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் கூடுதல்.

இதைக் கண்காணிக்க நேட்டோ தரம் வெப்ப ஓட்ட அளவியைப் பயன்படுத்துகிறது. மாதிரியை 80 டிகிரியில் 10.6 நாள் வைத்தால் அது 25 டிகிரியில் பத்தாண்டுக் கிடங்குக்குச் சமம் என்று கொள்ளப்படுகிறது. அந்தக் காலத்தில் வெப்ப ஓட்டம் ஒரு கிராமுக்கு 114 மைக்ரோவாட்டைத் தாண்டக்கூடாது. 90 டிகிரியில் செய்தால் 3.43 நாள், 350 மைக்ரோவாட். பழைய முறைகளில் வெளிவரும் வாயு பட்டு நிறம் மாறும் மெத்தில் வயலட் தாள் சோதனை இன்னும் புழக்கத்தில் உண்டு: நைட்ரோசெல்லுலோஸை மட்டும் அடிப்படையாகக் கொண்ட ஒற்றை அடி உந்துபொருளுக்கு 134.5 டிகிரி, நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிக்கு 120 டிகிரி. விரைவான வடிகட்டலுக்கு அது போதும். ஆனால் எஞ்சியிருக்கும் ஆயுளைச் சொல்ல, ஸ்டெபிலைசர் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று குரோமடோகிராஃபியில் நேரடியாக அளப்பதற்கு மாற்று இல்லை. மாதிரியைக் குவியலின் ஓரத்திலிருந்து எடுத்து அனுப்பும் வழக்கம்தான் இதில் பெரிய ஓட்டை. ஓரம்தான் எப்போதும் ஆரோக்கியமாக இருக்கும்.

துப்பாக்கிக் குழலில் தோட்டா உட்காரும் அறையில் நடப்பதும் இதன் சிறு வடிவமே. தொடர்ந்து சுட்டுச் சூடேறிய அறைக்குள் ஒரு தோட்டா தங்கிவிட்டால், நைட்ரோசெல்லுலோஸ் 170 டிகிரி வாக்கில் பற்றும். பல இயந்திரத் துப்பாக்கிகள் சுடுவதற்கு முன் அறையைக் காலியாகவே வைத்திருப்பது இதனால்தான். பித்தளை உறை வெளியே எறியப்படும்போது கொஞ்சம் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உறையே இல்லாத தோட்டாவைக் கொண்ட ஜெர்மானிய ஜி11 துப்பாக்கியில் அந்த வசதி போய்விட்டதால், உந்துபொருளையே எச்எம்எக்ஸ் அடிப்படைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்லாமல் விட முடியாது. 170 டிகிரியை ஒட்டி உருகும் இது, திறந்த பாத்திரத்தில் சூடாக்கினால் அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் பிரியும். அந்தப் பிரிவு வெப்பத்தை உறிஞ்சுவதால் ஒரு தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு போல வேலை செய்கிறது. வாயுக்கள் தப்ப வழியில்லாமல் மூடிவிட்டால் இந்தக் காப்பு மறைந்து, வெப்பம் தரும் சிதைவு மட்டும் மிஞ்சும். குளோரைடு மாசு கொஞ்சம் இருந்தாலும் சிதைவு இன்னும் கீழான வெப்பநிலையிலேயே தொடங்கிவிடும். 1947 ஏப்ரல் 16 அன்று டெக்சஸ் சிட்டியில் கிராண்ட்கேம்ப் கப்பலின் தளவறையில் தீ கண்டதும், சரக்கு நனையக்கூடாது என்று நீர் ஊற்றாமல், அறையை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். ஏற்கெனவே சூடேறிய, காகிதப் பைகளில் கிடந்த நைட்ரேட்டுக்குச் சூட்டையும் அடைப்பையும் சேர்த்தே கொடுத்த செயல் அது.

தணிக்கும் வழிகள், தீ அணைந்த பின்

வடிவமைப்பில் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது உறையை முன்கூட்டியே பலவீனமாக்குவது. குறைந்த வெப்பநிலையில் உருகும் உலோகக் கலவையால் ஆன அடைப்பான், மருந்து பற்றுவதற்கு முன் உருகி வழிவிட வேண்டும். துளையின் பரப்பு, எரிபரப்புக்கு ஏற்ற அளவில் இல்லையென்றால் பயனில்லை. நுண்துளைகளால் எரிபரப்பு எவ்வளவு பெருகியிருக்கும் என்பதைச் சேர்த்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். பலர் பழுதில்லாத மருந்தின் எரிபரப்பை வைத்துத் துளையை முடிவு செய்துவிட்டுச் சோதனையில் ஏமாறுகிறார்கள். ராக்கெட் மோட்டார்களில் இன்னொரு வழி, உந்துபொருள் சேதமடையும் முன்னரே உறையைத் திறந்துவிடும் வெப்பத் தூண்டல் அமைப்பு. மருந்தையே மாற்றுவது மூன்றாவது வழி. 155 மில்லிமீட்டர் எறிகணைகளில் டிஎன்டிக்குப் பதிலாக வந்த ஐஎம்எக்ஸ்-101 அப்படிப்பட்டது.

தீ அணைந்த பிறகு செய்யும் பிழைதான் உயிரைக் குடிப்பது. உறை தொட்டால் சுடவில்லை என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று பொருளில்லை. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள நிரப்பில், வெளியே இடைவிடாமல் நீர் ஊற்றினாலும் மையத்தின் மிகைச்சூடு மூன்றில் ஒரு பங்காகக் குறையவே பல மணி நேரம் ஆகும். உள்ளே தன்சூடு தொடங்கியிருந்தால் அந்த நேரத்தில் வெப்பநிலை இறங்காமல் ஏறவும் செய்யலாம். 1973 ஏப்ரல் 28 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் ரயில் முற்றத்தில் குண்டு ஏற்றிய பெட்டிகள் பற்றியபோது வெடிப்புகள் மறுநாள் வரை தொடர்ந்தன. ஆகவே சூடேறிய வெடிபொருளை நகர்த்தவோ மூடியைத் திறக்கவோ கூடாது. தொலைவில் நிலையாகப் பொருத்திய குழாயால் நீர் ஊற்றிக்கொண்டே, அகச்சிவப்புக் கருவியில் வெப்பநிலை இறங்குமுகமாக இருப்பதைப் பல மணி நேரம் பார்க்க வேண்டும். நீரை நிறுத்திய பின் மேற்பரப்பு மறுபடியும் சூடேறுகிறதா என்பதுதான் கடைசிச் சோதனை; ஏறினால் நீரைத் திறந்துவிட்டு, காத்திருப்பை முதலிலிருந்து எண்ண வேண்டும்.